டர்போ காருக்குக் கூடுதல் பவர்: முதல் செலவு எதற்கு?

டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கம்மி செலவுல பவர் ஏத்தணும், எதுல ஆரம்பிக்கலாம்?" கேட்கும்போதே பாதிப் பேர் ஒரு கோன் ஏர் ஃபில்டரையோ ஆன்லைனில் பார்த்த டியூனிங் பாக்ஸையோ மனதுக்குள் வாங்கி முடித்திருப்பார்கள். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஓடும் சின்ன டர்போ பெட்ரோல் கார்களில், பவருக்காகக் காசு கொடுத்துச் செய்ய உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒழுங்கான ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது பார்ட் எதையும் மாற்றாமல் இன்ஜினின் கணினியில் இருக்கும் செட்டிங்கை (மேப்) மட்டும் மாற்றி எழுதுவது. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய சில்லறை வேலைகள் சில உண்டு. மற்றதெல்லாம் வெறும் சத்தம், இல்லையென்றால் ரிஸ்க்.

டர்போ இல்லாத இன்ஜினில் காற்று தானாகத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் ஃபில்டர், எக்ஸாஸ்ட், கேம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்ற வேண்டியிருக்கிறது. டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. அதில் எவ்வளவு பூஸ்ட் (அந்தக் கூடுதல் காற்றழுத்தம்) வேண்டும், வேஸ்ட்கேட் (டர்போவை அடக்க எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வால்வு) எப்போது திறக்க வேண்டும் என்பதை இசியுவே, அதாவது இன்ஜினின் கணினியே முடிவு செய்கிறது. மட்டமான பெட்ரோல், மே மாத வெயில், சர்வீஸைத் தள்ளிப்போடும் ஓனர் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் செட் செய்கிறது. ரீமேப் அந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பார்ட் எதையும் மாற்றாமலே 20 சதவீதம் அளவுக்குப் பவர் கூடுவது இப்படித்தான். வெறும் ஃபில்டரை மட்டும் மாற்றினால், இசியு குறி வைக்கும் பூஸ்ட் அப்படியேதான் இருக்கும். அதிலும் மூடி இல்லாத கோன் ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும்.

இந்தச் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சென்னையில் 40 டிகிரி வெயில் அடிக்கும் நாளில், டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனோடு ஓடினாலும், அதிலிருந்து வெளியே வரும் காற்று 130 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் இறக்கித் தருகிறது. முழுசாக இறக்க முடியாதபோது நாக் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) ஆரம்பிக்கும். இசியு உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும், அதாவது பொறி விடுவதைத் தாமதப்படுத்தும்; பவர் குறையும். இசியு தகவலைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் ஒரு டாங்கிளைச் செருகி, டைனோவில் (காரை உருளைமேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) மூன்றாவது கியரில் ஒரு ரன் எடுத்து, பதிவாகும் லாகைப் பாருங்கள். இன்டேக் காற்றின் வெப்பம் என்று ஒரு வரிசை, டைமிங் என்று ஒரு வரிசை. முதல் ரன்னில் இரண்டும் ஒழுங்காக இருக்கும். ஆற விடாமல் அடுத்தடுத்து ரன் எடுத்தால், வெப்பம் ஏற ஏற டைமிங் இறங்குவது அப்பட்டமாகத் தெரியும். அந்த நிலையில் பூஸ்ட்டை இன்னும் கூட்டுவது இன்னும் சூட்டைத்தான் கூட்டும். ரேடியேட்டர் முன்னால் அடைந்து கிடக்கும் பூச்சியையும் தூசியையும் சுத்தம் செய்வது, கூலன்ட்டை நேரத்துக்கு மாற்றுவது, பூஸ்ட் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதனால் பவர் வேலையேதான். செலவும் ரொம்பக் குறைவு.

டியூனிங் பாக்ஸ் பற்றி எனக்குக் கோபமே உண்டு. அதில் பல பூஸ்ட் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, இருப்பதைவிடக் குறைவான பூஸ்ட்டைக் காட்டுகின்றன. இசியு அதை நம்பி டர்போவை மேலும் விரட்டுகிறது. இதைவிட மலிவாக ஒன்று இருக்கிறது: காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் வயரில் மாட்டும் ஒரு ரெசிஸ்டர். உள்ளே வரும் காற்று சூடாக இருந்தாலும் குளிராக இருப்பதாக அது காட்டும். இன்ஜினைக் காப்பாற்ற இருக்கும் தகவலையே கெடுத்துவிட்டு அதற்குப் பவர் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஃபோக்ஸ்வேகன் டைகன், வர்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா கார்களில் வரும் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தருகிறது. ஆட்டோமேட்டிக்கில் அதோடு வருவது டிக்யூ200 என்ற 7 கியர் ட்ரை கிளட்ச் (ஆயிலில் ஊறாத கிளட்ச்) டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். அந்தப் பெட்டி தாங்கும் என்று வடிவமைத்த அளவே 250 நியூட்டன் மீட்டர்தான். ஷோரூமிலிருந்து வரும்போதே விளிம்பில் நிற்கிறது. அதற்கு மேல் ரீமேப் செய்துகொண்டு, நம் ஊர் டிராஃபிக்கில் இன்ச் இன்ச்சாக நகர்த்தினால் கிளட்ச் என்ன ஆகும்? கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் என்ன ஆகும்? 1.5 டிஎஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கு என் பதில்: இன்ஜினைத் தொடாதீர்கள். அந்தக் காசில் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில். கார் வேகமாக மாறியதுபோலவே இருக்கும். வளைவுகளில் உண்மையிலேயே வேகமாகத்தான் இருக்கும்.

இதே கார்களில் வரும் சின்ன இன்ஜினான 1.0 டிஎஸ்ஐ மேனுவல்காரர்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். இங்கேயும் ரீமேப் செய்யும் டியூனரிடம் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். எல்லாரும் கீழ் ஆர்பிஎம்மில் முதுகில் குத்தும் பிக்கப்பைக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய லோடு கொடுத்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டனையே உடைத்துவிடக்கூடியது அது. மைலேஜுக்காக டாப் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நம் பழக்கம் அதற்கு நேர் தோது. மேல் ஆர்பிஎம்மில் டார்க்கைப் பிடித்து வைத்தால் கணக்கு வேறு: 5,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் நின்றாலே 135 பிஎஸ் வந்துவிடும். கிளட்சுக்கும் பிஸ்டனுக்கும் பெரிய அடி இல்லை. இன்ஜின் ஆயில் வாங்கும்போது கார் கம்பெனி சொல்லும் தரத்தோடு, டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020ல் வந்த அந்தத் தரத்தில், கலவை தானாகப் பற்றும் இந்தப் பிரச்சினைக்கென்றே சோதனை உண்டு.

ஸ்பார்க் ப்ளக் சின்ன விஷயம்தான், ஆனால் பல ரீமேப் கார்கள் திணறுவது இதனால்தான். பூஸ்ட் கூடக் கூட அந்தச் சின்ன இடைவெளியில் பொறி தாவுவது கஷ்டமாகும். ஓடித் தேய்ந்த ப்ளக்கில் இடைவெளி இன்னும் அகன்றிருக்கும். மேலே விரட்டும்போது கார் லேசாக வெட்டும். ஓனர் டர்போவைச் சந்தேகிப்பார். ரீமேப்புக்கு முன்பே புது ப்ளக் போடுங்கள். இடைவெளியை டியூனர் சொல்லும் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள், இரிடியம் முனையில் கருவி படாமல்.

பெட்ரோல்: எந்த பெட்ரோலுக்கு மேப் எழுதுகிறார்களோ அதையே கடைசிவரை போட வேண்டும். நாக்கை நன்றாகத் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதி வாங்கிவிட்டு, வெளியூர் பங்கில் கிடைப்பதை நிரப்புவது சரிப்பட்டு வராது. அன்றாடம் போடும் பெட்ரோலுக்கே எழுதச் சொல்லுங்கள்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதே பூஸ்ட்டை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இந்தச் சின்ன டர்போக்கள் ஏற்கெனவே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டக்கூடியவை. கோவையில் டைனோவில் அருமையாக வந்த மேப், கோத்தகிரி ரோட்டில் டர்போவை எல்லை மீறச் சுற்றவைக்கலாம். உயரத்துக்கான வரம்பை மேப்பில் விட்டுவைத்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாற்றுகிறேன் என்று, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நம் பின்னால் பைக்கில் குழந்தையோடு வருகிறவர் அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுக்க வேண்டும். சட்டமும் இடம் தராது: அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. ரீமேப்பிலும் வாரன்ட்டி போகும் என்று தெரிந்தே இறங்குங்கள். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் இசியுவில் தடம் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

எங்கே செய்வது? மடிக்கணினியோடு வீட்டு வாசலுக்கு வந்து அரை மணியில் ரெடிமேட் ஃபைலை ஏற்றிவிட்டுப் போகிறவரிடம் வேண்டாம். முன்னும் பின்னும் டைனோ ரன், நடுவில் லாக் பார்த்துத் திருத்தம் என்று செய்கிற இடமாகப் பாருங்கள். அப்புறம், காரின் ஒரிஜினல் ஃபைலையும், கடைசி ரன்னின் லாகையும் உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். இரண்டையும் தர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.