"அந்த சிண்ட்ரோம்ல அப்படித்தான்மா இருக்கும்"

முந்தாநாள் ஒரு கூட்டத்தில் ஒரு டாக்டர் பேசினார். மரபணுக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தொட்டதற்கெல்லாம் டெஸ்ட் கேட்கிறார்களாம். அரங்கில் கைதட்டல் வேறு. இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

என் மகனுக்கு கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். ஏழு வயதில், முகம் கழுவிவிடும்போது மேலுதட்டில் முடி கறுத்திருந்ததைப் பார்த்தேன். குரலும் கட்டையாகியிருந்தது. பதறிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனால், "அந்த சிண்ட்ரோம்ல ஹார்மோன் அப்படித்தான்மா இருக்கும்" என்றார். அப்படி இருக்காது! கிளைன்ஃபெல்டர் பையன்கள் அந்த வயதில் பருவமடைவதில்லை. பருவ வளர்ச்சி பாதியில் தேங்கிப்போவதுதான் அதில் வழக்கம். ஏழு வயதில் மீசை அரும்பினால் வேறெதுவோ தூண்டுகிறது என்று அர்த்தம்.

நாலு மாதம் கழித்து, இருமல் நிற்காததால் போன இடத்தில் இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற ஹார்மோனைப் பார்த்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஜெர்ம் செல் கட்டி, அதாவது விந்தணு, கருமுட்டை ஆகவேண்டிய செல்களிலிருந்து வளரும் கட்டி. அது சுரந்த எச்சிஜிதான் பிள்ளைக்கு மீசையைக் கொண்டுவந்திருக்கிறது.

"அரிதான நோய், யாருக்குத் தோன்றும்?" என்பீர்கள். சிறுவர் புற்றுநோய்களில் ஜெர்ம் செல் கட்டிகள் நூற்றுக்கு 3 அளவுதான், சரி. ஆனால் நெஞ்சில் வரும் வகை கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்த டர்னர் சிண்ட்ரோம் பெண்பிள்ளையிடம் ஒய் குரோமோசோமின் துணுக்கு இருந்தால் சினைப்பையில் கொனடோபிளாஸ்டோமா என்ற கட்டி வரும் அபாயம் உண்டு. அடிமுதுகெலும்பு பிறவியிலேயே சரியாக உருவாகாத கர்ராரினோ சிண்ட்ரோமில் தீராத மலச்சிக்கலுக்குப் பின்னால், தண்டுவட அடியெலும்புக்கு முன்புறம் டெரடோமா என்ற ஜெர்ம் செல் கட்டி ஒளிந்திருக்கலாம். புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

"அதற்காக எல்லாருக்கும் ஸ்கேனா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. இந்தக் கட்டிகளுக்காக ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி என்ற புரதம் கைக்குழந்தைக்கு இயல்பாகவே அதிகம், வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண்டபடி டெஸ்ட் எடுத்தால் வீண் பயம்தான் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். சிண்ட்ரோம் இருந்தால் கூடுதலாகப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

டாக்டர்களைத் திட்டுகிறேனா? கண்டுபிடித்தவரும் டாக்டர்தான், அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த நாலு மாதத்தில் முதலாமவர் ஒருமுறைகூட என் பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. ஃபைலின் முதல் பக்கத்தைப் படித்தார், மூடிவிட்டார். சிண்ட்ரோம் பெயருக்குக் கீழே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

இப்போது அவனுக்கு 11 வயது. கட்டி போய்விட்டது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் கொஞ்சம் கேட்கும் திறனும் போய்விட்டது, கீச்சென்ற சத்தங்கள் காதில் விழாது. முந்தாநாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கைதட்டல் கேட்டிருக்கிறது. "ஏம்மா எல்லாரும் கை தட்டுறாங்க?" என்றான்.