மூச்சை அடக்க வேண்டாம், விடுங்கள் போதும்

ஜூன் 21 யோகா தினம். காவிரி டெல்டாவுக்கு இதைவிடப் பொருந்தாத தேதி அமையாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது இங்கே நாள்காட்டிக் கணக்கு. அதை ஒட்டிய வாரங்களில் தண்ணீர் கடைமடைக்கு வந்துச்சா, நாற்றங்கால் விட்டாச்சா, டிராக்டர் கிடைக்குமா, சங்கத்துல கடன் வந்துச்சா என்று ஊரே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஏற்கெனவே ஓய்வு உள்ளவர்கள். நேரமே இல்லாதவருக்குத்தான் இது வேண்டும். அவருக்கு முக்கால் மணி நேர வகுப்பு தேவையில்லை. ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சி, நாளைக்கு இரண்டு தடவை போதும் என்பது என் கட்சி.

யோகம் நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. திருமூலர் யோகத்தில் அமர்ந்ததாகச் சொல்லப்படும் திருவாவடுதுறை, ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. யோக சூத்திரம் தந்தவராகச் சொல்லப்படும் பதஞ்சலிக்குச் சிதம்பரத்துத் தலபுராணத்திலேயே இடம் உண்டு. இந்தப் பெருமையே ஒரு தொல்லையும் தருகிறது. திருமந்திரத்தில் வரும் 16, 64, 32 என்ற மாத்திரைக் கணக்கை, அதாவது பழைய கால அளவை, (இழுக்க 16, அடக்க 64, விட 32) வாட்ஸ்அப்பில் செகண்ட் கணக்காக்கிச் சுற்றவிடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள், 112 செகண்ட். ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு மூச்சு! சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு ஓடுகிறது. வருஷக்கணக்கில் குருவிடம் பழகியவருக்கான அளவை, பிபி மாத்திரை போடுகிறவர் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் முயன்றால் என்ன ஆகும்? மூச்சை முக்கி அடக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இரத்த அழுத்தம் ஏறி இறங்கும், கடைசியில் மூச்சு திணறிப் படபடப்பு வரும். அமைதிக்கு உட்கார்ந்தவர் பதற்றத்தோடு எழுந்து போவார்.

பலன் இருப்பது வெளிமூச்சில். மணிக்கட்டில் கட்டை விரலின் அடிப்பக்கமாக மூன்று விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், நீளமாக விடும்போது தளரும். இளம் வயதில் இது நன்றாகவே தெரியும், வயது ஏற ஏற மங்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போதுதான் அதிகமாக வேலை செய்து இதயத்தை அடக்கி ஓட்டுகிறது. ஆகவே விடுகிற நேரத்தை நீட்டினாலே போதும், அடக்கவே வேண்டாம்.

கணக்கு எளிது. நான்கு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். சுவர்க் கடிகார முள்ளைப் பார்த்து எண்ணினால் மூச்சுக்குப் பத்து செகண்ட், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வில், லத்தீன் மொழி ஜெபமாலை ஜெபத்தையும் யோக மந்திரத்தையும் 23 பேரைச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே மூச்சைத் தானாக நிமிடத்துக்கு ஆறு அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தின. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் போய் இதுவும் பிராணாயாமம்தான் என்று சொல்லிச் சண்டை இழுக்க வேண்டாம், மனசுக்குள் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் பத்து நாள் படுத்தே பழகுங்கள். அரை கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் கட்டித் தொப்புள்மேல் வையுங்கள். இழுக்கும்போது பை ஏற வேண்டும், விடும்போது இறங்க வேண்டும், நெஞ்சும் தோளும் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். பலர் இங்கே வயிற்றுத் தசையை முறுக்கிப் பையைத் தள்ளுகிறார்கள். பை ஏறும், ஆனால் மூச்சு உள்ளே போயிருக்காது. வயிற்றைத் தளர விட்டுவிட்டு, மூச்சு போகிற வழிக்குப் பை தானாக எழும்புகிறதா என்று பாருங்கள். நாலு ஆறு கஷ்டமாக இருந்தால் மூணு நாலில் தொடங்குங்கள். கடைசி ஒரு எண்ணுக்கு முக்க வேண்டி வந்தால் அளவு உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம்.

"நல்லா ஆழமா இழுங்க" என்று சொல்லிக்கொடுப்பவர்கள்மீது எனக்குக் கோபமே உண்டு. தேவைக்கு மேல் பெரிது பெரிதாக மூச்சை இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதக்கும். இதைக் குண்டலினி சக்தி எழும்புவதாக நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்தால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும்.

எண்ணுவதே எரிச்சலாக இருப்பவர்களுக்குப் பிராமரி. உதடு மூடி, பல் ஒட்டாமல், தாழ்ந்த சுருதியில் 'ம்' என்று வண்டு மாதிரி எட்டுப் பத்து தடவை இழுத்தால் வெளிமூச்சு தானே நீளும். நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் சுருதியை இன்னும் இறக்கிக்கொள்ளட்டும்.

ஆசன விஷயத்தில் இங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லாருக்கும் ஒரே வரிசை. காலையிலிருந்து குனிந்து நாற்று நட்ட பெண்ணிடம் "குனிந்து கால் விரலைத் தொடுங்க" என்று சொல்லலாமா? மணிக்கணக்கில் குனிந்த முதுகில் தசைநார்கள் ஏற்கெனவே இழுபட்டுத் தொய்ந்திருக்கும். கரையேறியதும் முதலில் ஐந்து நிமிடம் நடக்கட்டும். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாயட்டும், நாலைந்து தடவை. நாற்றுக்கட்டைத் தூக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் புஜங்காசனம் செய்யலாம். உள்ளங்கை மார்புக்குப் பக்கத்தில், முழங்கை மடிந்தபடி, தொப்புள் தரையை விட்டு எழும்பாத உயரம் மட்டும். கையை நீட்டித் தள்ளினால் பாரம் முழுக்க இடுப்பில் விழும்.

திருபுவனத்துக் குழித்தறிக்காரருக்கு வேறு சிக்கல். கால் குழிக்குள், மேல்முதுகு கூன். அவருக்குத் துண்டை மணிக்கட்டுப் பருமனில் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மூன்று நிமிடம் மல்லாந்து படுத்தாலே நெஞ்சு விரியும். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிற பேங்க், ஆபீஸ்காரர்களுக்கும் இதையே சொல்வேன். கால் கனத்துப்போய் வருகிறவர்கள் தரையில் படுத்து, கெண்டைக்காலை மட்டும் கட்டில்மேல் வைத்து, நாலு ஆறு மூச்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கர்ப்பிணிகள் மல்லாக்கப் படுக்க வேண்டாம், இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

இடத்தையும் பாருங்கள். வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் சாயங்காலம் கொசு பிடுங்கும் என்று கதவைச் சாத்தி, கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி, அதே அறையில் மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். அந்தப் புகையைத்தான் நீளமாக இழுக்கிறீர்கள். கொசுவலைக்குள் உட்காருங்கள். சம்பா அறுப்பில் மெஷின் ஓடும்போதும், வைக்கோல் கொளுத்தும்போதும் களத்துப் பக்கம் பயிற்சியே வேண்டாம். வீசிங் உள்ளவர்கள் ரொம்பக் கவனம்.

வயிற்றை வெட்டி வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, பிபி, இதயநோய், குடலிறக்கம், வலிப்பு, கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. மூச்சுப் பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லி உட்கார வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருக்கிறோம், டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறோம், ரயில்வே கேட்டில் மாட்டுகிறோம். கேட் சாத்தினதும் வண்டியை அணைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஹேண்டில்பாரை இறுக்கியிருக்கும் விரல்களைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறந்தபடியே நாலு ஆறு. ரயில் வந்து போவதற்குள் இருபது மூச்சு வந்துவிடும். முன்னால் நிற்கிற லாரிக்காரர் எஞ்சினை அணைக்காமல் புகை விட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.