ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்க விடுங்கள்

ஒரு ஆல்பத்தைத் தொட்டால் முதல் பாட்டு முதலில் வர வேண்டும், இரண்டாவது பாட்டு அதற்கடுத்து வர வேண்டும், கடைசிப் பாட்டு முடிந்ததும் சத்தம் போடாமல் நிற்க வேண்டும். பாட்டுக் கேட்கிற ஆப்பிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். இது பெரிய ஆசையா? பிரிட்டிஷ் பாடகி லில்லி ஆலனின் 'ஆல்ரைட், ஸ்டில்' ஆல்பத்தை வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் கேட்கலாம் என்று போட்டால் எடுத்த எடுப்பில் ஆறாவது பாட்டு ஓடுகிறது. அது முடிந்தால் இந்த ஆல்பத்திலேயே இல்லாத, யாரோ பாடிய ஏதோ ஒரு பாட்டு, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தோம் என்ற குறிப்போடு வந்து நிற்கிறது. நடுவில் காது கிழிகிற சத்தத்தில் விளம்பரம். சரி, தள்ளிவிட்டுப் போவோம் என்றால் இதற்குமேல் தள்ள முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்கிறது. காசு கட்டிச் சேர்ந்த பிறகு விளம்பரம் மட்டும் போயிற்று. பாட்டு வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் போகவில்லை. அணைத்து வைத்தாலும் அடுத்த அப்டேட்டில் தானாக உயிர் பெற்றுவிடுகிறது.

பதினொரு பாட்டுங்க, மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதை வரிசை மாறாமல் கேட்க விடாத அளவுக்கு இவர்களுக்கு என்ன அவசரம், என்ன ஆத்திரம்?

வரிசையில் என்ன இருக்கிறது, எப்படிக் கேட்டாலும் பாட்டு பாட்டுதானே என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபமே அதிகம். இந்த ஆல்பம் 2006 ஜூலையில் வந்தபோது லில்லி ஆலனுக்கு 21 வயது. லண்டன் பொண்ணு. அமெரிக்க உச்சரிப்பைக் கடன் வாங்காமல், தான் பேசுகிற அதே லண்டன் பேச்சில் பாடினார். இசை முழுக்க வெயில் காய்கிற மாதிரி இருக்கும். ஜமைக்காவின் இசை வகைகளான ரெகேயும் ஸ்காவும் அதன் அடியில் ஓடும். வார்த்தைகளைக் கவனித்தால்தான் தெரியும், ஒவ்வொன்றும் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றிய கதை. முதல் பாட்டான 'ஸ்மைல்' அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆர்கன் ஒன்று குழைந்து குழைந்து வரும், தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாமல் இடையில் விழும், பாஸ் கிட்டார் அவசரமே இல்லாமல் நடந்து வரும், அதன்மேல் இந்தப் பெண் கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய்த் தன்னை ஏமாற்றிய பழைய காதலன் இப்போது திரும்பி வந்து அழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். முதலில் வருத்தம்தான் வருகிறது, ஆனால் அப்புறம் சிரிப்பு வந்துவிடுகிறது என்கிறார். அத்தனை குரூரத்தையும் அத்தனை இனிப்பாகச் சொல்ல அந்த வயதில் ஒருத்தருக்கு வந்திருக்கிறது.

அடுத்த பாட்டில் நியூ ஆர்லியன்ஸ் பியானோ ஒன்று துள்ளும். பாரில் வந்து வழிகிற ஆண்களைக் கழற்றிவிடுவதற்கு என் வீடு பற்றி எரிகிறது, நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அள்ளிவிடுகிறாள் ஒரு பெண். அதற்கப்புறம் சைக்கிளில் லண்டனைச் சுற்றுகிற பாட்டு. அதற்கப்புறம், எல்லாமே அற்புதமாக இருக்கிறது என்று தலைப்பு வைத்துவிட்டு, வீடு வாங்கக் கடன் தர மறுக்கிறவர்களையும் உடம்பை இளைக்கச் சொல்லி உயிரை வாங்குகிற பத்திரிகைகளையும் வரிக்கு வரி வெளுக்கிற பாட்டு. வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் சமீபத்திய பாப் பாட்டில் எனக்குத் தெரியவில்லை. இப்படி ஏழு பாட்டு வரைக்கும் கிண்டல், வீம்பு, வாய்த்துடுக்கு. யாருக்கும் அசையாத பெண் என்று நாம் நம்பிவிட்ட நேரத்தில் எட்டாவதாக வருகிறது 'லிட்டிலஸ்ட் திங்ஸ்'. மார்க் ரான்சன் தயாரித்தது. பழைய பிரெஞ்சுப் படமொன்றின் இசையிலிருந்து எடுத்த பியானோ. அதில் கிண்டல் கிடையாது. படுக்கையில் உட்கார்ந்து டீ குடித்தது, டிவிடி பார்த்தது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களாக நினைத்து நினைத்து உருகுகிறார். முதல் பாட்டில் ஒருத்தன் அழுவதைப் பார்த்துச் சிரித்த அதே பெண். ஏழு பாட்டு நேரம் அவர் கட்டிய மதில் அங்கே இடிந்து விழும். அந்தப் பாட்டு எட்டாவது இடத்தில் இருப்பதால்தான் அது வலிக்கிறது. அதைத் தூக்கி முதலில் போட்டால் வழக்கமான காதல் தோல்விப் பாட்டு, ஆயிரத்தில் ஒன்று. ஷஃபிள் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு நாளும் செய்கிறது.

இன்னொன்று இந்த மூட் பிளேலிஸ்ட். தலைப்பில் சிரிப்பு இருக்கிறது, மெட்டு இதமாக இருக்கிறது, அதனால் 'ஸ்மைல்' பாட்டை மனசை லேசாக்கும் பாடல்கள், காலை நேர உற்சாகம் என்கிற பட்டியல்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு தடவை வார்த்தையைக் கேட்டீர்களா? அந்தப் பாட்டுக்கு சோஃபி மல்லர் இயக்கிய வீடியோவில் அந்தப் பெண் ஆள் வைத்துப் பழைய காதலனை அடிக்கச் சொல்கிறாள், அவன் வீட்டைச் சூறையாட வைக்கிறாள், அவன் குடிக்கிற காபியில் பேதி மருந்தைக் கலக்கிறாள், டீஜேயான அவனுடைய இசைத்தட்டுகளைக் கீறி நாசம் செய்ய வைக்கிறாள். இதைக் கொண்டுபோய்த் தியானத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். சைக்கிள் பாட்டுக்கும் இதே கதிதான். 'எல்டிஎன்' என்று பெயர், லண்டன் என்பதன் சுருக்கம், அதைக் கடற்கரை, கோடைக்காலம், விடுமுறை என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் ஒரு பாட்டி கடைப் பைகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு பையன் உதவுகிறேன் என்று வருகிறான். வந்தவன் அந்தப் பாட்டியை அடித்துப் போட்டு நகையையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். தூரத்திலிருந்து பார்த்தால் நகரம் எவ்வளவு அழகு, கிட்டே போனால் என்ன நடக்கிறது பார் என்பதுதான் மொத்தப் பாட்டும். அதனால்தான் அந்தக் குதூகலமான ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும். மெட்டை மட்டும் அளந்து பார்த்துப் பெட்டியில் போடுகிற இயந்திரத்துக்கு இது எப்படிப் புரியும்? புரியாதென்றால் அந்த வேலையை அதனிடம் ஏன் கொடுத்தீர்கள்?

வார்த்தையை வெட்டுகிற கொடுமை வேறு. இந்த ஆல்பத்துக்கு 'சுத்தமான' பதிப்பு ஒன்று உலவுகிறது. தேடினால் சில சமயம் அதுதான் மேலே வந்து நிற்கிறது, அட்டைப்படம் ஒன்றே என்பதால் போட்ட பிறகுதான் தெரியும். கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் சட்டென்று ஒரு பள்ளம். 'ஸ்மைல்' பாட்டில் அந்த ஒரு வார்த்தைதான் இனிப்புக்குள் இருக்கிற காரம். அவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தவரிடமிருந்து அந்த வார்த்தை விழும்போதுதான் காயம் எவ்வளவு ஆழம் என்று தெரிகிறது. குழந்தைகள் கேட்பார்கள் என்றால் குழந்தைகளுக்குத் தனியாகப் போடுங்கள். வளர்ந்த ஆள், காசு கட்டிய ஆள், எனக்கு எதற்கு வடிகட்டி?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, இந்த இசை எங்கேயிருந்து வந்தது என்பதை அடியோடு மறைத்து வைத்திருப்பது. 'ஸ்மைல்' பாட்டின் அந்த ஆர்கன் ஜாக்கி மிட்டூவுடையது. ஜமைக்காவில் பிறந்தவர், பதினைந்து பதினாறு வயதிலேயே ஸ்காட்டலைட்ஸ் குழுவில் கீபோர்டு வாசித்தவர், கிங்ஸ்டனில் கிளெமென்ட் 'காக்ஸன்' டாட் நடத்திய ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர். அறுபதுகளில் அவரும் சோல் பிரதர்ஸ் குழுவும் வாசித்த 'ஃப்ரீ சோல்' என்ற இசைத்துண்டின்மேல்தான் 'ஸ்மைல்' நிற்கிறது. அதனால்தான் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் லில்லி ஆலனோடும் மான்செஸ்டர் தயாரிப்பாளர்களான ஃப்யூச்சர் கட் இரட்டையரோடும் மிட்டூ, டாட் பெயர்களும் இருக்கின்றன. 'எல்டிஎன்' பாட்டில் நம்மை ஆட வைக்கிற அந்த ஊதுகுழல் வரி, சாக்ஸபோன் மேதை டாமி மெக்குக்கும் அவருடைய சூப்பர்சானிக்ஸ் குழுவும் வாசித்த 'ரெகே மெரெங்கே'. அது டாடுக்குப் போட்டியாக டியூக் ரீட் நடத்திய ட்ரெஷர் ஐல் கம்பெனிச் சரக்கு. மிட்டூ 1990ல் போய்விட்டார், மெக்குக் 1998ல், டாட் 2004ல். 'ஸ்மைல்' பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்த 2006ல் மூன்று பேரில் ஒருத்தர்கூட உயிரோடு இல்லை.

நான் வைத்திருக்கிற ஆப்பில் இந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் புள்ளியைத் தொட்டு, உள்ளே போய், கீழே தள்ளி, அங்கே இன்னொன்றைத் தொட வேண்டும். அப்படிப் போனாலும் சில பாட்டுக்குப் பாடியவர் பெயரையும் கம்பெனி பெயரையும் தவிர ஒன்றுமில்லை. மூலப் பாட்டுக்கு ஒரு இணைப்புக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டுமே அவர்கள் கிடங்கில்தானே கிடக்கிறது! நான் எந்த நொடியில் பாட்டைத் தள்ளினேன் என்பதுவரை குறித்து வைத்துக்கொள்ளத் தெரிகிறது, வருஷக் கடைசியில் அதை வண்ண வண்ணமாகப் படம் போட்டு எனக்கே அனுப்பத் தெரிகிறது, அந்த ஆர்கனை வாசித்த மனிதர் பெயரை முகப்பில் ஒரு வரியாகப் போடத் தெரியாதா? இன்றைக்கு இந்த ஆல்பத்தை முதல்முறையாகக் கேட்கிற பையனோ பொண்ணோ, ரெகே என்றால் லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்த வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? 1948ல் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்தவர்களைத் தொடர்ந்து அங்கிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த இசை அது. லண்டன் தெருக்களில் அது ஊறி ஊறித்தான் அந்தப் பெண்ணின் காதுக்குப் போயிற்று. அவரும் அதை மறைக்கவில்லை. 2007 கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில், பிரிட்டனின் ஸ்கா குழுவான 'ஸ்பெஷல்ஸ்' குழுவின் டெரி ஹாலையும் லின்வல் கோல்டிங்கையும் பக்கத்தில் நிறுத்திப் பாடினார். மறைப்பது நடுவில் உட்கார்ந்திருக்கிற இந்த ஆப் கம்பெனிகள்தான்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம், இந்த ஆல்பம் இணையம் பெற்ற பிள்ளை என்பது. இசைத்தட்டுக் கம்பெனி லில்லி ஆலனை ஒப்பந்தம் செய்துவிட்டுப் பெரிய பெரிய பெயர்களின் ஆல்பங்களைக் கவனிக்கப் போய்விட்டது. அவர் சும்மா இருக்கவில்லை, 2005 கடைசியில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தன் பாட்டுகளைத் தானே ஏற்றினார். பிடித்த மற்றவர்கள் பாட்டோடு தன் பாட்டையும் தன் இஷ்டப்படி கோத்து மிக்ஸ்டேப் போட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. பாடுகிறவர் தன் கையால் கொடுக்க, கேட்கிறவர் நேராக வாங்கிக்கொண்ட காலம் அது. அந்த மைஸ்பேஸும் சர்வர் மாற்றியபோது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டையெல்லாம் தொலைத்துவிட்டதாக 2019ல் ஒத்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு வருஷ உழைப்பு, எத்தனை லட்சம் பேருடையது, போனது போனதுதான். இப்போது இருக்கிற ஆப்களும் அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கின்றன. போன மாதம் இருந்த பாட்டு இந்த மாதம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட்டால் ஓடவில்லை. ஏன் என்று கேட்க ஆள் கிடையாது, வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் ஒரு ரோபோ வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் பகுதியில் கிடைக்கவில்லை என்கிறது.

இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நான் முழுசாகக் கேட்டே வெகுநாள் ஆகிறது. அறையைவிட்டு வெளியே வராமல் புகைத்துக்கொண்டும் கேம் ஆடிக்கொண்டும் கிடக்கிற தம்பியைப் பற்றிய பாட்டு, 'ஆல்ஃபி', கிரெக் கர்ஸ்டின் தயாரித்தது. திட்டுகிற மாதிரி ஆரம்பித்து, அக்காவின் கவலை மெல்ல மெல்ல மேலே வரும். அது முடிகிற அந்தக் கணத்தில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் ஆப் அடுத்த ஆளுடைய பாட்டைத் தள்ளிவிடுகிறது. ஒரு பாட்டின் வால் இன்னொன்றின் தலையோடு கலந்து ஓட வேண்டும் என்று ஒரு வசதியை வேறு அவர்களாகவே ஆன் செய்து வைத்திருக்கிறார்கள்.

போதும் என்று பழைய சிடி ஒன்றை வாங்கினேன். வரிசை அச்சில் இருக்கிறது, எவன் அப்டேட் போட்டாலும் மாறாது, சின்ன எழுத்தில் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் என் லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே கிடையாது, அதையும் எடுத்துவிட்டார்கள். வெளியே இணைக்கிற டிரைவுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்த மாதச் சந்தா போகிற தேதிக்கு முன்னால் அது வந்துவிட்டால் அந்தக் கணக்கை அன்றைக்கே மூடப் போகிறேன்.