பக் எண்ணிக்கைக்குப் பாயின்ட் கொடுக்காதீர்கள்

ரிலீஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் மென்பொருள் டீமில் லீடர்போர்டு, அதாவது யாருக்கு எத்தனை பாயின்ட் என்று காட்டும் பட்டியல், வைத்தார்கள். கண்டுபிடிக்கும் பக் (மென்பொருள் பிழை) ஒன்றுக்கு 10 பாயின்ட், கடைசியில் முதலிடம் பிடிப்பவருக்குப் பரிசு. முதல் வாரமே டிக்கெட்டுகள் (பக் பதிவுகள்) குவிந்தன. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

இரண்டாவது வாரம் அந்த டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தபோதுதான் மனசு கனத்தது. ஒரு பட்டனில் எழுத்துப் பிழை. அந்தப் பட்டன் 11 திரைகளில் வருகிறது. ஒரே பிழை 11 டிக்கெட்டாகப் பதிவாகி 110 பாயின்ட் வாங்கியிருந்தது. போட்டவரைக் குறை சொல்ல முடியாது. விதி அப்படித்தான் இருந்தது.

அதே வாரம் இன்னொரு டெஸ்டர் போட்டது ஒரே ஒரு டிக்கெட். போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவும் நொடியில் படிவத்தைச் சேமித்தால், திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வரும். சர்வரில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. பத்துத் தடவை செய்தால் ஒரு தடவைதான் நடக்கும். அதைப் பிடிக்க அவர் மூன்று நாள் வைஃபையை அணைப்பதும் போடுவதுமாக, ஒவ்வொரு முயற்சிக்கும் நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடைத்தது 10 பாயின்ட். போர்டில் கடைசி இடம்.

மூன்றாவது வாரம் அவரும் எழுத்துப் பிழை தேட ஆரம்பித்தார். என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

விளையாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிரமாதமாக வேலை செய்த இடங்கள் இருக்கின்றன. விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் உள்ளுக்குள்ளேயே ஒரு மொழி விளையாட்டு நடத்தியது. பல மொழிகளில் மொழிபெயர்த்த திரைகளை, அந்தந்த மொழி தெரிந்த ஊழியர்கள் பார்த்துத் தப்பைக் குறிக்க வேண்டும். டெஸ்டிங் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் உட்பட 4,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 5 லட்சத்துக்கும் அதிகமான திரைகளைப் பார்த்தார்கள். ஜப்பான் கிளையில் இதை ஆடுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கினார்கள். படிக்காமலே 'சரி' என்று தட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டுபிடிக்க, வேண்டுமென்றே சில மோசமான மொழிபெயர்ப்புகளை நடுவில் கலந்து வைத்திருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான்.

ஏன் எடுபட்டது? வேலை சின்னது. பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லலாம். யாருக்கும் அது அன்றாட வேலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அது அவரவர் தாய்மொழி. தமிழில் ஆப் பயன்படுத்துகிற நமக்கு இது உடனே புரியும். நம் சொற்கள் நீளம், பட்டனோ குட்டை. 'உறுதிப்படுத்து' என்பது 'உறுதிப்ப' என்று அறுந்து நிற்கும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தால் பாயின்ட் இல்லாவிட்டாலும் கை துறுதுறுக்கும். ஏற்கெனவே இருக்கிற அந்தத் துறுதுறுப்புக்கு விளையாட்டு ஒரு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

தேர்ந்த டெஸ்டரின் அன்றாட வேலை இப்படிப்பட்டதே இல்லை. அதில் பாதி நேரம் எதுவும் கிடைக்காது. 'இந்தப் பகுதியை நாள் முழுக்க உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை' என்பது ரிலீஸ் முடிவெடுக்கிறவருக்குத் தங்கமான தகவல். லீடர்போர்டில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு பரிசு இல்லாத நாட்களில் மற்ற குழந்தைகள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. எங்கள் டீமில் போர்டை எடுத்த பிறகு வந்த மந்தத்தைப் பார்த்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது.

திறந்த மூல நிரலுக்கு (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல்) பங்களிக்கச் சொல்லி அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியின் கதை தெரிந்திருக்கும். 2020ல் நான்கு புல் ரிக்வெஸ்ட் (நிரலில் மாற்றம் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பியவர்களால் திறந்த மூல நிரல் பராமரிப்பவர்கள் திணறிப்போனார்கள். விருப்பம் தெரிவிக்கும் ப்ராஜெக்ட்டுகள் மட்டுமே கணக்கில் சேரும் என்று மாதம் முடிவதற்குள்ளேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் செய்ததைப் பாருங்கள். அவர் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடித்தால் 2.56 டாலர் காசோலை. 256 சென்ட், அதாவது ஒரு ஹெக்ஸாடெசிமல் டாலர் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில் 100 என்பது 256). டெக் (TeX) என்ற அவருடைய அச்சுக்கோர்ப்பு மென்பொருளில் பக் கண்டுபிடித்தால் தரும் தொகை வருடா வருடம் இரட்டிப்பாகி 327.68 டாலரில் நின்றது. வாங்கியவர்கள் பலர் அதை வங்கிக்கே கொண்டுபோகவில்லை, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள். காசோலை மோசடிக்குப் பயந்து 2008ல் அவர் நிஜக் காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழைக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கும் மவுசு குறையவில்லை. 'என் வேலையை இவர் கவனமாகப் படித்தார்' என்று எழுதியவரே கையெழுத்துப் போட்டுத் தருகிறார். அந்தக் கையெழுத்தை எந்த பேட்ஜாலும் ஈடுகட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

அடுத்த ரிலீஸுக்கு விதிகளை மாற்றச் சொல்லிக் கேட்டோம், நல்ல வேளை ஒத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் ஆட்டம். தனி ஆள் இல்லை, ஒரு டெவலப்பரும் ஒரு டெஸ்டரும் ஜோடி. பக் எண்ணிக்கைக்குப் பாயின்ட் கிடையாது. நீங்கள் எழுதிய படிகளை வைத்து இன்னொரு ஜோடி அதே பக்கைத் தங்கள் போனில் வரவழைத்தால் இரண்டு ஜோடிக்கும் பாயின்ட். டூப்ளிகேட்டைக் கண்டுபிடித்து இணைத்தாலும் உண்டு. இதுவரை யாரும் கை வைக்காத பகுதிக்குப் போய், என்னென்ன பார்த்தோம் என்று குறிப்பு எழுதினால், எதுவும் கிடைக்காவிட்டாலும் பாயின்ட்.

டிக்கெட்டுகள் போன தடவையைவிடக் குறைவாகத்தான் வந்தன. ஆனால் 'என் மெஷின்ல நல்லா ஓடுதே' என்ற பேச்சு கிட்டத்தட்ட நின்றேபோனது. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்த டெவலப்பர் அப்படிச் சொல்ல மாட்டார் இல்லையா?

வைஃபை பக் அந்த ரிலீஸில்தான் சரியானது. சரிசெய்த டெவலப்பர் நிரல் மாற்றக் குறிப்பில் அந்த டெஸ்டரின் பெயரைப் போட்டு, 'அவர் எழுதிய ஏழு படிகள் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தார். அந்த டெஸ்டர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என்னிடம் காட்டினார். பழைய போர்டின் பாயின்ட்டை அவர் யாரிடமும் காட்டியதே இல்லை.

உங்கள் டீமில் லீடர்போர்டு இருந்தால் ஒன்று செய்யுங்கள். போன மாதம் முதலிடம் வந்தவரின் கடைசி 20 டிக்கெட்டையும் கடைசி இடத்தில் இருப்பவரின் டிக்கெட்டுகளையும் திறந்து, பொறுமையாக முழுசாகப் படியுங்கள். என்ன இருந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.