கொழுந்து வாடும் மாடியில் தொடங்க வேண்டிய பாடம்

நீரின் கொதிநிலை உயர்ந்திருப்பதற்கு ஐதரசன் பிணைப்பே காரணம் என்று உயர்தரப் பரீட்சையில் ஒரு வரி எழுதிப் புள்ளி பெற்றவர்களுள் நானும் ஒருவன். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பறித்த கொழுந்து நீரிழந்து வாடும் மணத்தோடு வளர்ந்த மலையகப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் அந்த மாடியிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், மீதி 3.5 கிலோவும் வெளியேற்றப்பட வேண்டிய நீர். ஒரு கிலோ நீரைப் பூச்சியத்திலிருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்க ஏறத்தாழ 420 கிலோயூல் போதும்; கொதிக்கும் அதே நீரை ஆவியாக்கவோ 2,257 கிலோயூல் வேண்டும். அந்தச் சக்தியின் பெரும்பகுதி செலவாவது மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகளை அறுப்பதற்காகத்தான். உலர்த்தும் இயந்திரத்துக்கு வெப்பம் தர அடுப்பில் அத்தனை விறகு ஏன் எரிகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஐதரசன் சற்று நேரேற்றம் பெற்று, அயல் மூலக்கூறின் ஒட்சிசனால் கவரப்படுகிறது. இந்தக் கவர்ச்சியே ஐதரசன் பிணைப்பு. அது மூலக்கூறுக்குள் அணுக்களை இணைத்திருக்கும் பங்கீட்டு வலுப்பிணைப்பின் இருபதில் ஒரு பங்கு வலிமையே உடையது என்றாலும், எண்ணிக்கையால் வெல்கிறது. நீரைவிடக் கனமான மூலக்கூறுகளைக் கொண்ட ஐதரசன் சல்பைட்டு, அத்தகைய வலுவான பிணைப்பு இல்லாததால், மறை 60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் விழும் உறைபனியையும் இதே பாடத்தில் சேர்க்க வேண்டும். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அயல் மூலக்கூறுகளோடு பிணைந்து இடைவெளி மிகுந்த கூடாக அமைவதால், நீர் உறையும்போது கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. கலங்கள் (செல்கள்) வெடித்தே இலை சாகிறது என்று பலரும் இதை வைத்துச் சொல்வார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு: கலங்களுக்கு இடையே முதலில் உருவாகும் பனிக்கட்டி, கலங்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்ள, கலமென்சவ்வு சிதைந்து இலை உள்ளுக்குள் வறண்டுபோகிறது. குளிரால் செத்த கொழுந்தைப் பார்த்துப் பனியில் “கருகிவிட்டது” என்று நம் அம்மாமார் சொல்வது அதனால்தான் எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் படுகிறது.