தூக்கியது என் சைக்கிளை இல்லை, அதுதான் பிரச்சினை

சாக்ஸைப் பிழிந்து ஹீட்டர் முன்னால் விரித்துவிட்டு எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், எதிரே உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் கம்பேனியனுக்கு, அதாவது சபை என்னோடு ஜோடி சேர்த்துவிட்ட சக மிஷனரிக்கு, இதில் ஓர் எழுத்துகூடப் புரியாது. நாங்கள் இருவரும் ஜப்பானில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காக ஊழியம் செய்கிறவர்கள்.

ஸ்டேஷன் பக்கம் விட்ட சைக்கிளை நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போகும் கதை ஜப்பானில் இருக்கும் யாருக்கும் புதிதில்லை. உங்களுடையதையும் தூக்கியிருப்பார்கள். ஆனால் இன்று தூக்கியது என்னுடையதை இல்லை, அவனுடையதை. "உன்னுடையது பத்திரமாக இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர் மிஷனரியாக இருந்ததில்லை என்று அர்த்தம். ஊழியத்தின் 24 மாதமும் ஒருவர் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் மற்றவர் இருக்க வேண்டும், குளியலறை மட்டும் விலக்கு. அவன் நடந்தால் நானும் நடக்க வேண்டும். டபுள்ஸ் போகலாம் என்றால் இங்கே பெரியவர்கள் அப்படிப் போவது குற்றம். வெள்ளைச் சட்டை, டை, ஹெல்மெட், நெஞ்சில் சபைப் பெயரோடு பட்டை, இத்தனையையும் மாட்டிக்கொண்டு போலீசிடம் சிக்குவதற்கு ரயில் முன்னால் நிற்கலாம்.

மத்தியானத்திலிருந்து மழை. மூன்று மணி நேரம் இன்டர்காமை அழுத்தி அழுத்தி "கெக்கோ தெஸ்" கேட்டாயிற்று. வேண்டாம் என்பதை இவ்வளவு பணிவாகச் சொல்ல இவர்களால்தான் முடியும். அகராதியில் அதற்கு 'நன்றாயிருக்கிறது' என்றும் ஒரு பொருள் உண்டு, வந்த புதிதில் அதை நம்பி ஒரு வாசலில் கால் மணி நேரம் நின்றவன் நான். கடைசியில், எங்கள் இலவச ஆங்கில வகுப்புக்கு வரும் பாட்டி ஒருவர் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. ஸ்டேஷனுக்கு எதிர் மாடி. நான் என் சைக்கிளைக் காப்பகத்தில் விட்டேன். முதல் இரண்டு மணி நேரம் இலவசம். இலவசம்! இவன் என்ன செய்தான்? "அஞ்சு நிமிஷம்தானே" என்று நடைபாதைக் கம்பியில் சாய்த்துப் பூட்டினான். சரியாகத் தடைப்பலகைக்குக் கீழே. கான்ஜி எழுத்து தெரியாது, சரி. அந்தப் பலகையில் லாரி ஒன்று சைக்கிளைத் தூக்கும் படமும் இருக்கிறதே ஐயா, அதற்குமா அகராதி வேண்டும்? அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவே வளர்ந்தவன். அங்கே டிராக்டரையே எங்கே விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்களாம்.

அந்த அஞ்சு நிமிஷம் எப்படிப் போனது என்றும் கேளுங்கள். பாட்டி பச்சைத் தேநீர் கொண்டுவந்தார். எங்களுக்கு ஆகாது. காபி, தேநீர், மது, புகையிலை எதுவும் கூடாது, அது பச்சையானாலும் கறுப்பானாலும் ஒன்றுதான். ஜப்பானில் ஒரு பாட்டி ஊற்றிய தேநீரை வேண்டாம் என்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் முகம் வாடி, உள்ளே போய் ஹோஜிச்சா கொண்டுவந்தார். அதுவும் அதே இலைதான், வறுத்தது. மறுபடி கும்பிடு, மறுபடி மன்னிப்பு. மூன்றாவதாக முகிச்சா, வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்த தண்ணீர். அப்பாடா. அப்புறம் அரிசி முறுக்கு, பேரன் போட்டோ. ஐம்பது நிமிஷம்.

கீழே வந்தால் சைக்கிள் இல்லை. தரையில் ஒரு நனைந்த தாள். பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அகற்றிவிட்டார்களாம். நேரத்தைக்கூடத் துல்லியமாக எழுதிவைத்துத் தூக்குகிறார்கள், மனிதர்கள்!

கிடங்கு நாலு கிலோமீட்டர், மேம்பாலத்துக்கு அடியில். பஸ் கிடையாது, ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். என் சைக்கிளை விட்டுப் போனால் அதை எடுக்கத் திரும்பி வரவேண்டும். ஆகவே நல்ல, ஓடக்கூடிய, சட்டப்படி நிறுத்திய என் சைக்கிளை மழையில் நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். இவன் பக்கத்தில் கைவீசி நடந்தான். ஸ்தோத்திரப் பாட்டு வேறு.

கவுன்டரில் எழுபது தாண்டிய பெரியவர். படிவத்தில் நிறுவனப் பெயருக்குக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கட்டம். மார்மன் என்றால் நாலெழுத்தில் முடிந்திருக்கும். 2018-இல் எங்கள் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன் அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டார். 'மத்சுஜித்சு சேய்தோ இயேசு கிரிசுதோ கியோகாய்' கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, கையெழுத்துப் போடும் இடம் வரை ஓடியது. பெரியவர் என் பட்டையைப் படித்தார். சோரோ. மூப்பர், எங்கள் மிஷனரிப் பட்டம். முகத்தைப் பார்த்தார். "வயது?" இருபது என்றேன். "என்னையே இன்னும் யாரும் சோரோ என்று கூப்பிடவில்லை" என்றார்.

அடுத்த குண்டு, திருட்டுத் தடுப்புப் பதிவு. ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்தால் சைக்கிள் வேறு ஒருவர் பெயரில். எங்கள் சைக்கிள்கள் ஒரு மிஷனரியிடமிருந்து இன்னொருவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பெயர் மாற்ற யாருக்கும் தோன்றாது. பதிவில் இருந்தவன் எப்போதோ ஊருக்குப் போய் கல்யாணமும் ஆகியிருக்கும். அதை என் ஜப்பானிய மொழியில் விளக்க முக்கால் மணி நேரம். சாவி பொருந்தியது, உறுதிமொழி எழுதிக்கொடுத்தோம், 3,000 யென் கட்டினோம். 1901-இல் எங்கள் சபை அப்போஸ்தலர் ஹீபர் கிராண்ட் யோகோஹாமாவில் வந்திறங்கி ஆரம்பித்த ஜப்பான் மிஷனை 1924-இல் இழுத்து மூடி, 1948-இல்தான் மறுபடி திறந்தார்கள். காரணங்கள் வரலாற்றில் இருக்கின்றன. எனக்கு சைக்கிள் மேல்தான் சந்தேகம்.

நனைந்து நிற்கிறோமே என்று அந்தப் பெரியவர் உள்ளே போய் இரண்டு காகிதக் கோப்பை கொண்டுவந்தார். பச்சைத் தேநீர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். குனிந்து, மன்னிப்புக் கேட்டு, ஆகாது என்றோம். "ஓ, அப்படியா!" என்று அவசரமாகத் திரும்பிப் போய்க் காபி கொண்டுவந்தார்.

அங்கேதான் உடைந்தேன். சிரிப்பு நிற்கவில்லை, அவனுக்கும் நிற்கவில்லை, பெரியவர் ஒன்றும் புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் காலையில் வைத்த குப்பைப் பை அதே இடத்தில், சிவப்பு ஸ்டிக்கரோடு. பிளாஸ்டிக் பாட்டில்களில் மூடியும் லேபிளும் கழற்றவில்லையாம். யாரப்பா இந்த வாரம் குப்பை முறை என்று கத்திக்கொண்டே சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். என் பெயர்.