விஞ்ஞானி முணுமுணுக்கிறார், வெடிகுண்டு மட்டும் கத்துகிறது

நேற்றிரவும் அதே கொடுமைதான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பேரழிவுப் படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பூமிக்கு என்ன ஆபத்து, அது எதனால் வருகிறது என்று ஒரு விஞ்ஞானி விளக்குகிறார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். "அப்படியானால் நமக்கு மிச்சம் இருப்பது..." என்று அவர் வாயெடுத்த அதே நொடியில் ஒரு பாலம் இடிந்து விழுந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளறையில் குழந்தை வீறிட்டு அழுதது. பதறிப்போய்க் குறைத்தேன். குறைத்ததும் விஞ்ஞானி மறுபடியும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது எத்தனை நாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். படத்தின் ஒலியைத் திரையரங்குக்காகக் கலக்கிறார்கள். அங்கே சுற்றிலும் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. வசனத்துக்கென்று திரைக்குப் பின்னால், நடுவில், தனியாக ஒன்று இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் இருப்பதோ அடிப்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இரண்டு ஒலிபெருக்கிகள். அத்தனையையும் அந்த இரண்டுக்குள் திணித்தால் முதலில் நசுங்குவது மனிதக் குரல்தான். வீட்டுக்கென்று தனியாக ஒலியைக் கலக்க முடியாதா? முடியும், சிலர் செய்யவும் செய்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் நுழைந்து, பெரிய சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்கிக்காட்டும் இரவு ஒலி முறையைத் தேடிப்பிடிப்பது பார்ப்பவனின் தலையெழுத்தாம். காசு கொடுத்துப் பார்ப்பவன் ஏன் ஒலிப்பதிவாளர் வேலையையும் பார்க்க வேண்டும்?

ஆனால் இது ஒலிக்கலவையோடு முடிகிற கோளாறு இல்லை. இந்தப் படங்களின் மனமே அப்படித்தான் இருக்கிறது. விளக்கம் என்றால் அரை நிமிடம், அதுவும் யாரோ ஓடிக்கொண்டே பேசுவது. இடிபாடு என்றால் இருபது நிமிடம்.

விண்வெளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று இல்லை; ஒலி பரவ வழியில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் விண்கலம் வெடித்தால் என் வீட்டுச் சுவர் அதிர்கிறது. சத்தம் இல்லாவிட்டால் சுவாரசியம் இருக்காது என்று ஒரு சப்பைக்கட்டு வேறு. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் விண்வெளியில் மிதப்பவனின் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்கும். அவனுடைய காற்றுக்குழாய் அறுந்த பிறகு அதுவும் கேட்காது. அந்த அமைதியில் எனக்கு வந்த பயம், அதற்குப் பிறகு பார்த்த எந்த வெடிப்பிலும் வந்ததில்லை.

சிறுகோள் படங்கள் இன்னும் மோசம். 1998இல் வந்த 'ஆர்மகெடான்' படத்தில் டெக்சாஸ் மாநிலம் அளவுக்குப் பெரிய சிறுகோள் வருகிறது. மோதலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள் பட்டையிலேயே மிகப் பெரியதான சீரிஸின் விட்டம் ஏறக்குறைய 940 கிலோமீட்டர். அதை 1801இலேயே, அந்தக் காலத்துத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய ஒன்று வாசலுக்கு வரும்வரை உலகத்தின் ஒரு கண்ணிலும் படவில்லையாம்! இரவிரவாக வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா?

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபாஸ் என்ற சின்னஞ்சிறு கோளின்மீது நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே போய் மோதியது. அது அனுப்பிய படங்களில் ஒரு புள்ளி பெரிதாகிறது, கற்கள் தெரிகின்றன, திரை முழுக்கப் பாறை; கடைசிப் படம் முழுதாக வந்து சேரும் முன்பே விண்கலம் சிதறிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கோள் தன் பெரிய துணையைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 32 நிமிடம் குறைந்தது. மனிதன் ஒரு விண்பொருளின் பாதையை மாற்றிவிட்டான்! இதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. இதில் இல்லாத விறுவிறுப்பா, 'ஆர்மகெடான்' படத்தில் சிறுகோளைத் துளைத்து அணுகுண்டைப் புதைப்பதில் இருக்கிறது?

இதையெல்லாம்கூடக் கற்பனை என்று பொறுத்துக்கொள்ளலாம். சுனாமியைக் காட்டும் விதத்தை என்னால் பொறுக்கவே முடியவில்லை. வானளாவிய கட்டடத்துக்கு மேல் எழும்பிச் சுருண்டு விழும் நீர்ச்சுவர்! ஆழ்கடலில் சுனாமி கப்பலில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கரையில் அது பெரும்பாலும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும் வெள்ளமாக, மரத்தையும் வண்டியையும் உருட்டிக்கொண்டு வரும். முழங்கால் அளவு நீரே ஆளைச் சாய்த்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் முதலில் கடல் உள்வாங்கியது. வெறும் மணலாகக் கிடந்த கடலடியையும் துள்ளிய மீன்களையும் பார்க்க மக்கள் இறங்கிப் போனார்கள். அன்று இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

போன மாதம் அக்கா மகனோடு அப்படியொரு படம் பார்த்தேன். பத்து வயது. அலை வரும் காட்சியில் அவன் சொன்னான்: "இவ்வளவு பெரிதாக வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடுமே மாமா, அப்போது ஓடினால் போதும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. படத்தை அங்கேயே நிறுத்தினேன். கடற்கரையில் நிற்கும்போது தரை நெடுநேரம் அதிர்ந்தாலோ கடல் திடீரென்று பின்வாங்கினாலோ, அலையைப் பார்க்கக் காத்திருக்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். முதல் அலை வடிந்துவிட்டது என்று திரும்பி வரவும் கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்றேன்.

"இதை அந்த விஞ்ஞானி ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டான்.

பின்னுக்கு ஓட்டி, ஒலியை முழுதாகக் கூட்டி, இருவரும் தொலைக்காட்சியை ஒட்டி நின்று கேட்டோம். சொல்லியிருந்தார். "கடல் உள்வாங்குகிறது, எல்லோரையும் மேலே போகச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு வரி. அதன்மேல் ஒரு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டிருந்தார்கள்.